உமரிச் சாம்பல்

மன்னார்குடியில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த மெட்ரிகுலேஷன் பள்ளி, அதற்கு மூன்று வருடம் முன்புவரை நெல் மூட்டை அடுக்கியிருந்த மண்டிக் கட்டடத்தில் நடந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பிள்ளைகள் இங்கிலீஷில் படித்துவிட்டால் வெளியூரோ வெளிநாடோ போய்ப் பிழைத்துக்கொள்வார்கள் என்று எல்லா வீட்டிலும் ஒரே பேச்சாக இருந்த நேரம். கட்டடத்தின் பின்கட்டில் சிமென்ட் மேடை கட்டி, தண்ணீர்க் குழாய் இழுத்து, வேதியியல் ஆய்வகம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். மழை நாளில் ஆசிட் நெடியைத் தாண்டி உமி வாசனை வரும்.

பிளஸ் டூ வரைக்கும் வேதியியலுக்கு நான் ஒருத்திதான் டீச்சர். எம்.எஸ்சி. முடித்த சூடு ஆறாத இருபத்தைந்து வயது. ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். பிள்ளைகள் அவரை லேப் அக்கா என்பார்கள். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் மட்டும் கடைசிவரை என்னை மிஸ் என்றுதான் சொன்னார்.

அவருக்குப் பிறந்த ஊர் முத்துப்பேட்டை. பிளஸ் டூவில் அறிவியல் எடுத்து நல்ல மார்க் வாங்கிய வருடமே கல்யாணமாகி மன்னார்குடிக்கு வந்துவிட்டார். கணவர் துபாயில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். குழந்தை பிறந்திருக்கவில்லை. வீட்டில் எத்தனை நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது என்று வேலைக்கு வந்தவர். குடுவை கழுவுவதும் கரைசல் தயாரிப்பதும்தான் அவருக்குக் கொடுத்த வேலை. ஆனால் சோதனைக் குழாயில் இறங்கும் வீழ்படிவின் நிறத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே அது என்ன உப்பு என்று சொல்லிவிடுவார். மேசை இழுப்பறையில் தபால் வழிப் பட்டப்படிப்புக்கான விண்ணப்பம் ஒன்று வாங்கி வைத்திருந்தார். நான் பார்த்தவரையில் அது நிரப்பப்படாமலே கிடந்தது.

எங்கள் வீட்டுக்கு நிலம் வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. அதில் ஒரு துண்டு மட்டும் எந்த வருடமும் அப்பாவின் பேச்சைக் கேட்டதில்லை. தண்ணீர் வற்றினால் மேலே வெள்ளை பூக்கும். சம்பா நாற்று அந்த இடத்தில் மட்டும் மஞ்சளித்து நின்றுவிடும். அந்த வருடம் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். வந்த அட்டையின் ஓரத்தில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலயம் விட்டு வந்ததும் அதை என்னிடம் நீட்டினார்.

"இது என்னம்மா வார்த்தை?"

"ஆல்கலிப்பா. நம்ம களர்தான். இங்கிலீஷ்ல அப்படிச் சொல்லுவாங்க."

அப்பா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "களர்... கலி... ரெண்டும் ஒண்ணு மாதிரில்ல இருக்கு? நம்மகிட்டேருந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டானோ?"

அந்த வாரமே பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. தஞ்சாவூரில் இருந்த ஒரு அறிவியல் மன்றம் ஆசிரியர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்திருந்தது. ஏதாவது ஒரு அறிவியல் சொல் எங்கே பிறந்து எப்படி வந்தது என்று எழுத வேண்டும். எனக்கு அப்பாவின் கேள்வி கையில் கிடைத்த பரிசு மாதிரி இருந்தது. களரிலிருந்து ஆல்கலி. தமிழிலிருந்து உலகத்துக்கு. தலைப்பைக்கூட முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் ஆய்வகத்தில் அக்காவிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் பியூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க மிஸ். அது அரபு வார்த்தைங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"முன்னாடியே அல்னு நிக்குதே. அல்ஜிப்ரா, ஆல்கஹால் எல்லாம் அப்படி வந்ததுதானே. அல் போயிட்டா மிச்சம் கலீ. அந்த வேரு எங்க வாப்பா சொல்லிக்குடுத்திருக்காங்க. வீட்டுல அகராதி இருக்கு, நாளைக்குக் கொண்டாரேன்."

அவருடைய தந்தை முத்துப்பேட்டையில் மதரஸாவில் அரபு சொல்லிக்கொடுத்தவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்கு ஓதச் சொல்லிக்கொடுத்தவர், சொந்த மகளுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர் இறந்தபோது இந்த மகள் கேட்டு வாங்கிக்கொண்டது அவருடைய அகராதி ஒன்றைத்தான்.

மறுநாள் அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அட்டை பிரிந்து நூல் தொங்கியது. மேடையை இரண்டு முறை துடைத்துவிட்டு அதை வைத்தார். வலமிருந்து இடமாக விரல் ஓட, ஒரு இடத்தில் நின்றது.

"இந்தா இருக்கு. கலா. வறுத்தான்."

"வறுத்தானா?"

"எங்க அகராதியில எல்லா வேரும் ஆம்பளையிலதான் மிஸ் ஆரம்பிக்கும். எழுதினான், போனான், வறுத்தான்." சிரித்தார். "எங்க வீட்டுல வறுத்தது பூரா உம்மாதான். இதுலேருந்து கலீன்னா, கடல் ஓரத்துல முளைக்கிற செடிய எரிச்ச சாம்பல். சோப்புக்கும் கண்ணாடிக்கும் போடுவாங்கன்னு போட்டிருக்கு."

எனக்கு உள்ளுக்குள் சப்பென்று ஆகிவிட்டது. களர் கையை விட்டுப் போன வருத்தத்தில், "நம்ம பக்கத்துல அப்படி ஏதும் செடி கெடையாதே அக்கா" என்றேன், ஏதோ அந்தச் சொல்லை அதனால் தோற்கடித்துவிடலாம் என்பது போல.

"ஏன் இல்ல? எங்க ஊருல அலையாத்திக் காட்டுக்கு ஒட்டின சேத்துல பூரா உமரிதான். கீரையாக் கடைவாங்க. ரெண்டு தண்ணி மாத்தி வேகவெக்கணும், அவ்வளவு உப்பு. அதோட சொந்தக்காரச் செடிதான் இதுல சொல்றது."

அடுத்த திங்கட்கிழமை, முத்துப்பேட்டை பஸ்ஸில் ஒரு உரச்சாக்கு நிறைய உமரியை வேரோடு கொண்டுவந்து இறக்கினார். பின்பக்கம் வெயிலில் நாலைந்து நாள் காயப்போட்டோம். பள்ளி விட்ட பிறகு ஒரு மாலை, பழைய இரும்புச் சட்டியில் போட்டு எரித்தோம். புகை கண்ணைக் கரித்தது. கைப்பிடிச் சாம்பல்தான் மிஞ்சியது. தண்ணீரில் கரைத்து வடிகட்டி, சிவப்பு லிட்மஸ் தாளின் நுனியைத் தோய்த்தார். நீலமானது. சாம்பலில் ஆசிட் விட்டால் நுரைத்துப் பொங்கியது. நான் கைதட்டிவிட்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்கிற சோதனைதான். ஆனால் பாட்டிலில் இருந்து எடுக்காமல், அவருடைய ஊர்ச் சேற்றிலிருந்து ஒரு சொல்லை எரித்து எடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

அவர் அதோடு விடவில்லை. பிளாட்டினக் கம்பியில் சாம்பலைத் தொட்டுச் சுடரில் காட்டினார். நல்ல மஞ்சள்.

"சோடியம்தானே மிஸ் இது?"

"ஆமா."

"அப்ப கலீங்கற பேரு சோடியத்துக்குல்ல போயிருக்கணும்? பொட்டாசியத்துக்கு எப்படிப் போச்சு?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. வருடா வருடம் பிள்ளைகள் கேட்பார்கள், பொட்டாசியத்துக்கு ஏன் கே என்று குறியீடு போடுகிறோம் என்று. லத்தீனில் காலியம் என்று பெயர் என்பேன். அத்தோடு நிறுத்திவிடுவேன். காலியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததே இல்லை. ஆல்கலியிலிருந்து அல் போய், பின்னால் லத்தீன் வால் ஒட்டிக்கொண்டதுதான் அது. உள்நாட்டு மரச் சாம்பலில் கிடைக்கும் பொட்டாசிய உப்பும் கடலோரச் செடியின் சாம்பலில் கிடைக்கும் சோடிய உப்பும் ஒன்றுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பிரித்துப் பெயர் வைத்தபோது ஒன்றின் பெயர் இன்னொன்றுக்குப் போயிற்று. இதை நான் நூலகத்தில் தேடி உறுதி செய்துகொண்டது பிறகுதான். கேள்வி அவருடையது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தை மகன் போதகராவதற்குப் படித்துக்கொண்டிருந்தான். எபிரேயம் அவனுக்குப் பாடம். இந்தக் கதையைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தான். எபிரேயத்திலும் வறுத்த தானியத்துக்கு இதே வேர்தான் என்றான். அதைவிடப் பழைய அக்காடிய மொழியிலும், களிமண் பலகையில் எழுதிய காலத்தில், எரிப்பதற்கும் வறுப்பதற்கும் இதே ஒலிதான் என்று அவன் வகுப்பில் சொல்லியிருக்கிறார்களாம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி, ஒவ்வொன்று ஒவ்வொரு ஊரில் வளர்ந்த சொற்கள்.

விடுமுறை முடிந்ததும் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்ப உங்க வேதத்துல வர்ற சொல்லும் எங்க வாப்பா சொல்லிக்குடுத்த சொல்லும் அக்கா தங்கச்சிதானா மிஸ்?"

"ஆமாக்கா."

"வாப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க."

ஜனவரி முழுவதும் எழுதினேன். எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். அரபு எழுத்தை அவரே தனித் தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மிஸ், இதுல என் பேரும் வருமா?"

"என்னக்கா கேக்குறீங்க. ரெண்டு பேரு பேரும்தான் போடுவேன். நீங்க இல்லாம ஏது இது?"

அவர் அன்று கணவருக்கு கேசட் அனுப்பப் போவதாகச் சொன்னார். அப்போதெல்லாம் வளைகுடாவுக்குக் கடிதத்தோடு கேசட்டில் குரலைப் பதிவு செய்தும் அனுப்புவார்கள். விடுமுறைக்கு வந்த யாராவது திரும்பிப் போகும்போது கொடுத்துவிடுவார்கள். அந்தக் கேசட்டில் இந்தச் செய்தியைத்தான் சொல்லியிருக்கிறார். கணவர் பதிலுக்கு அனுப்பிய கேசட்டை ஒருநாள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் மட்டும் ஓட்டிக் காட்டினார். கரகரப்பான குரல், "எங்க வீட்டு விஞ்ஞானிக்கு சலாம்" என்று ஆரம்பித்தது. அக்கா வெட்கத்தோடு சட்டென்று நிறுத்திவிட்டார்.

கட்டுரையைச் சுத்தமாக டைப் அடித்துத் தாளாளர் அம்மாவின் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இது யாரு? நம்ம லேப்ல இருக்கற பொண்ணா?"

"ஆமாங்கம்மா. அவங்கதான் இந்த அரபு வேரெல்லாம் சொன்னது. சோதனையும்..."

"சரி, உதவி பண்ணினா. அதுக்காகப் பேரப் போடுவாங்களா? போட்டி ஆசிரியர்களுக்கு. டிகிரி இல்லாத ஆள்லாம் நம்ம ஸ்கூல்ல கட்டுரை எழுதுதுன்னு ஆயிடாது? உங்க பேரு மட்டும் இருக்கட்டும். அதான் கௌரவமா இருக்கும்."

சரிங்கம்மா என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இதை எத்தனையோ வருடம் எனக்கு நானே வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சின்ன வயது, வேலைக்குப் பயம், எதிர்த்துப் பேச வழியில்லை என்று. அவ்வளவும் உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. தாளாளர் அப்படிச் சொன்னபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வெளியே வந்து வராந்தாவில் நின்றபோது அதை நான் உணர்ந்தேன். தனியாக என் பெயர் மட்டும் இருப்பது நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அதையும் நான் செய்யவில்லை, இன்னொருவர் செய்யச் சொன்னார். அது எவ்வளவு சௌகரியம்.

கட்டுரையின் கடைசியில் ஒரு வரி நன்றியாவது சேர்க்க நினைத்தேன். பக்க வரம்பு என்று ஒரு காரணம் கிடைத்தது. முதல் பக்கத்தை மட்டும் திரும்ப டைப் அடிக்கக் கொடுத்தேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், பரிசு வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், வராவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று நாள்கள் போயின. முதல் பரிசு வந்தது.

விழா தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை காலை. அக்காவின் கணவர் அந்த வாரம்தான் விடுமுறையில் வந்திருந்தார். குடும்ப விசாவுக்கு ஏற்பாடாகியிருந்தது. அக்கா கூடப் போவதா, இங்கேயே இருந்து அந்தப் பட்டத்தைப் படித்து முடிப்பதா என்று அவர்களுக்குள் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கணவர் வற்புறுத்தவில்லை, ஒங்க இஷ்டம்னு சொல்லிட்டாங்க மிஸ், என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். விழாவுக்கு இருவரும் வந்தார்கள். அக்கா ரோஜா நிறத்தில் புதுப் புடவை கட்டி, தலையில் முக்காட்டைச் சரிசெய்தபடி நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கணவர் கையில் பெரிய கேமரா.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினேன். கேடயம் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி சொன்னேன். தாளாளருக்கு நன்றி சொன்னேன். களர் நிலத்தைப் பற்றிச் சொன்னபோது கூட்டம் சிரித்துக் கைதட்டியது. நாலாவது வரிசைப் பக்கம் என் கண் போகவே இல்லை. போகாமல் பார்த்துக்கொண்டேன்.

தேநீர் இடைவேளையில் பரிசுக் கட்டுரைகள் அச்சான சிறு புத்தகத்தை எல்லாருக்கும் கொடுத்தார்கள். அக்காவின் கணவர் ஜன்னலோரம் நின்று, ஒரு விரலை வைத்து வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார். அவ்வளவு மரியாதையான மனிதர்.

"மிஸ், இவங்க பேரு எந்தப் பக்கத்துலங்க வந்திருக்கு? எனக்குப் புலப்படல."

"அச்சுல விட்டுட்டாங்க போலங்க" என்றேன். "நான் எழுதிக் கேக்குறேன்."

அக்கா அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வீழ்படிவைப் பார்க்கிற மாதிரி, என்ன நிறமென்று பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அச்சுன்னா பிழை வரத்தாங்க செய்யும். விடுங்க" என்று கணவரின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

"சரி, ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்றார் அவர். நின்றோம். கேடயம் என் கையில் இருந்தது. அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை.

மன்னார்குடிக்கு ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். பாதி வழியில் அக்கா முன் சீட்டிலிருந்து திரும்பி, உரித்த ஆரஞ்சுச் சுளைகளை நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். ஏன் வாங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பத்து நாளில் அவர் வேலையிலிருந்து நின்றார். கணவரோடு துபாய் போவதாக முடிவாகிவிட்டது. கடைசி நாள் வந்து எல்லா பாட்டில்களுக்கும் புது லேபிள் எழுதி ஒட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, "வரேன் மிஸ்" என்றார். இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். விண்ணப்பத்தை அங்கேயே விட்டுப் போயிருந்தார்.

அந்தப் பரிசு எனக்கு நிறையச் செய்தது. தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது அதைப் பற்றித்தான் பாதி நேரம் கேட்டார்கள். வேலை கிடைத்தது. கல்யாணமாகித் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டேன். ஒவ்வொரு வருடமும் முதலாண்டு மாணவர்களுக்கு காலியத்தின் கதையைச் சொல்வேன். ரசித்துக் கேட்பார்கள். யாராவது ஒரு பிள்ளை, "எப்படி மேடம் இதெல்லாம் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்கும். "தேடினேன்" என்பேன். ஒரு தடவைகூட அந்தக் கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லவில்லை.

என் மாணவர்களில் பாதிப் பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். அப்பா இறந்த பிறகு தம்பியும் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போனான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். யாராவது துபாயிலிருந்து வந்திருப்பதாகக் கேள்விப்பட்டால் அக்காவைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று தோன்றும். என்னவென்று விசாரிப்பது என்று விட்டுவிடுவேன்.

இருபது இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு, பழைய மாணவி ஒருத்தியின் கல்யாணத்துக்கு முத்துப்பேட்டை போனேன். பெண்கள் பகுதியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தேன். பிரியாணித் தட்டோடு ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். கண்ணாடி போட்டிருந்தார், கொஞ்சம் உடம்பு வைத்திருந்தார்.

"மிஸ்தானே?"

மணப்பெண் அவருடைய கொழுந்தனார் மகளாம். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பிள்ளைகள், மூத்தவள் மருந்தியல் படிக்கிறாள் என்றார். துபாயில் அவர்கள் இருக்கும் கட்டடத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறாராம். பட்டம் மட்டும் வாங்கவில்லை. கேட்டேன், சிரித்தார். "பிள்ளைங்க பொறந்துட்டாங்க. அப்புறம் அந்த ஆசையே வரல."

இனியும் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று, இலையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு அச்சுல விடல. நான்தான் எடுத்தேன். தாளாளர் சொன்னாங்க, நானும் சரின்னுட்டேன்."

"தெரியும் மிஸ்."

"எப்படி?"

"டைப் அடிச்சு வந்ததை ஜெராக்ஸ் எடுக்க ஆயாம்மாகிட்ட குடுத்துவிட்டீங்கள்ல. அவங்க முழங்கால் வலின்னு என்கிட்ட குடுத்தாங்க. நான்தான் கொண்டுபோனேன். முதல் பக்கத்தப் பாத்துட்டேன்."

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன்.

"அப்ப பேரு இல்லேன்னு முன்னாடியே தெரியுமா? அப்புறம் ஏங்கக்கா விழாவுக்கு வந்தீங்க? அண்ணனையும் கூட்டிக்கிட்டு?"

அவர் கொஞ்ச நேரம் தட்டில் விரலால் கோடு போட்டார்.

"எழுத்துல போட முடியலேன்னாலும் மேடையில வாயால சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். மைக்கக் கையில குடுத்தாங்கள்ல, அப்பக்கூட நெனச்சேன்."

பந்தியில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். வேறு யாரோ கொண்டுபோனார்கள். நான் மன்னிச்சிடுங்கக்கா என்றேன்.

"எனக்கு உங்க மேல கோவம் வரல மிஸ். என் மேலதான் வந்துச்சு. பேரு வருமான்னு வாயத் தொறந்து கேட்டேன் பாருங்க, அதுக்கு. கேக்காம இருந்திருந்தா நாம எப்பவும் போல இருந்திருப்போம்." பிறகு பேச்சை மாற்றுவது போல, ஆனால் மாற்றாமல் சொன்னார். "துபாய்க்குப் போன மொத வாரம், டார்ச்சுக்கு பேட்டரி வாங்கக் கடைக்குப் போனேன். பேட்டரி அட்டையில அரபுல கலவிய்யான்னு போட்டிருக்கு. ஆல்கலைன் பேட்டரி! நம்ம வார்த்தை! கடைக்காரரு மலையாளி, இந்தப் பொம்பள ஏன் தனியா சிரிக்கிதுன்னு பாக்குறாரு. உங்களுக்கு எழுதணும்னு ஏரோகிராம்கூட வாங்கிட்டேன்."

"வரலையேக்கா."

"எழுதல."

யாரோ கூப்பிட எழுந்தார். "ஆறுது பாருங்க, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும் முன் கைப்பேசி எண்களை மட்டும் பரிமாறிக்கொண்டோம்.

தஞ்சாவூருக்கு வந்ததும் அந்த அறிவியல் மன்றத்துக்கு நடந்ததை எழுதினேன். கட்டுரையில் பாதிக்கு மேல் இன்னொருவருடையது, அவர் பெயர் இது, எப்படியாவது பதிவு செய்யுங்கள் என்று. கடிதம் திரும்பி வந்தது. அப்படி ஒரு மன்றம் இப்போது இல்லை. அந்தச் சிறு புத்தகத்தை யாரும் வைத்திருப்பார்கள் என்றும் தோன்றவில்லை. என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே அவர் பெயரைப் பேனாவால் எழுதினேன். என் அலமாரியில் இருக்கும் புத்தகத்தில் எழுதி யாருக்கு என்ன?

இதையெல்லாம் எழுதப் போகிறேன், இந்த முறை உங்கள் பெயரை முதல் வரியிலேயே போடுகிறேன் என்று போன மாதம் அவருக்குப் போன் செய்து சொன்னேன். மறுமுனையில் குக்கர் சத்தம் கேட்டது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"வேணாம் மிஸ். கேட்டப்ப வரல. இப்ப நான் கேக்கல. எழுதணும்னா எழுதிக்கோங்க, பேரு மட்டும் போடாதீங்க."

வற்புறுத்தினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இதில் யாருடைய பெயரும் இல்லை, என்னுடையதும்.